பெரில் அன்ரியும் வெளியே வைத்த பூமாலையும்

"அந்தப் பூவை உடனே இந்த அறையிலிருந்து வெளியே கொண்டுபோங்கள்."

பெரில் அன்ரி கதிரையை விட்டு எழும்பி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு இதை ஆங்கிலத்தில் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் ஸ்காபரோ மண்டபத்தின் அந்தச் சின்ன ஒப்பனை அறையில் இருந்த நாங்கள் எல்லோரும், கையில் பிடித்த பவுடரும் சீப்புமாக அப்படியே நின்றுவிட்டோம்.

வாசலில் பாலன் அண்ணை. எங்கள் நாடகக் குழுவுக்கு எழுத்தாளர், இயக்குநர், கதிரை அடுக்குபவர் எல்லாம் அவர்தான். கையில் ஒரு வெள்ளித் தட்டம். அதில் மல்லிகையும் ரோசாவும் கலந்து கட்டிய பெரிய மாலை. அழகுக்காக அதன்மேல் மூன்று மயிலிறகுகளையும் வைத்திருந்தார்.

"என்ன சாந்தி, அன்ரிக்குப் பூ ஒத்துக்கொள்ளாதோ? தும்மல் வருமோ?" என்று என்னைக் கேட்டார்.

"தும்மல் இல்லையண்ணை. நாடகம் முடிய முதல் நடிக்கிற ஆக்களுக்குப் பூக் குடுக்கிறது இங்கிலாந்து நாடகக்காரரின்ரை வழக்கத்திலை ஆகாது. மேடைக்குக் கிட்ட மயிலிறகு வாறது அதைவிட ஆகாது."

"மயிலிறகு ஆகாதோ? முருகா!" பாலன் அண்ணை உண்மையாகவே முருகனைக் கூப்பிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. லண்டன் மேடைகளில் நின்ற ஒருவர் எங்கள் மேடைக்கு வருகிறார். மாலை இல்லாமல் ஏற்றினால் ஊர் என்ன சொல்லும்? எங்களுக்கு மரியாதை முதலில், வேலை பிறகு. பெரில் அன்ரியின் ஆட்களுக்கோ வேலை முடிவதற்குள் வருகிற மரியாதை கெடுதலை அழைத்து வரும்.

மாலை தட்டத்தோடு நடைபாதைக்குப் போனது. பிறகு அவர் திரைச்சீலையை விலக்கி மேடையைப் பார்த்தார். ஓரத்தில் குத்துவிளக்கு ஆயத்தமாக நின்றது.

"எத்தனை திரி?" என்று கேட்டார்.

"ஐந்து."

"நல்லது. மேடையில் மூன்று சுடர் எங்களுக்கு ஆகாது; மூன்று என்றால் வீட்டுக்குப் போயிருப்பேன்."

ஓய்வாம்!

இந்தக் கிழமைப் பத்தியில் நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளியைப் பற்றி எழுதுவதாகப் போன கிழமை சொல்லியிருந்தேன். அவர் பொறுமைசாலி, காத்திருப்பார்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் என் மகள் அபி. நான் வேலையில் இருந்தபோது ஃபோனுக்கு ஒரு படம் அனுப்பினாள். இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றின் மூலையில் வந்த சிறு குறிப்பு. "அம்மா, பெரில் அன்ரியைப் பற்றிப் போட்டிருக்கினம். It's so short though" என்று கீழே எழுதியிருந்தாள்.

பெரில் தோர்ன்கேட் போன மாரிக் குளிரில் காலமானார். அந்தக் குறிப்பில் லண்டன் நாடகங்கள் இருந்தன, சினிமாப் படங்கள் இருந்தன, ஒரு பரிசும் இருந்தது. கடைசி வரி: 'பின்னாட்களில் கனடாவில் ஓய்வில் வாழ்ந்தார்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓய்வா? எண்பது வயதைத் தாண்டி, ரொறன்ரோவின் ஒரு கோடியில் பார்க்டேலில் இருந்து ஸ்ட்ரீட்காரும் சப்வேயும் பஸ்சுமாக மாறி மாறி ஏறி, மறு கோடியில் ஸ்காபரோவின் மல்வேர்னில் எங்கள் ஒத்திகைக்கு எல்லோருக்கும் முதல் வந்து நின்றவர் ஓய்விலா இருந்தார்? எழுதியவருக்கு ஸ்காபரோ எங்கே இருக்கிறது என்று தெரியாது. நான் எழுதுகிறேன்.

உடுப்புத் தோய்க்கிற அறையில்

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இருந்தது பார்க்டேலில், ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில். கணவர் ஓர் உணவகத்தின் சமையலறைக்கு வேலைக்குப் போய்விடுவார். கைக்குழந்தை அபியை உடுப்புக்கூடையில் வைத்துக்கொண்டு நான் நிலக்கீழ் அறைக்கு இறங்குவேன். வெப்பமும் சவர்க்கார வாசனையுமாக இருக்கும். அந்தக் கட்டடத்தில் குளிராத இடம் அது ஒன்றுதான்.

ஒருநாள் கதவைத் திறந்தால், நிமிர்ந்த முதுகோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக் கையை நீட்டி, "என் வீட்டை விட்டு வெளியே போ!" என்றார்.

என்னைத்தான் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் யார் போகச் சொன்னாலும் போகிற ஆளாகத்தான் நான் இருந்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அவர் பின்னாலேயே படியேறி ஓடி வந்தார்.

"நீ இல்லை, நீ இல்லை! ஐயோ, குழந்தையையும் பயமுறுத்திவிட்டேன்!"

நாடகம் ஒன்றுக்கு வசனம் பாடம் பண்ணிக்கொண்டிருந்தாராம். மன்னிப்புக் கேட்ட கையோடு தாளை என்னிடம் நீட்டி, "நான் சொல்கிறேன், நீ பார். பிழைத்தால் விரலைத் தூக்கு" என்றார். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், பேசத்தான் வாய் வராது. விரல் தூக்குவதற்கு வாய் தேவையில்லைத்தானே. அன்று நான் நாலைந்து தரம் விரல் தூக்கினேன். பெரில் அன்ரிக்கு அது பிடித்துப்போனது.

'அன்ரி' என்று கூப்பிடத் தொடங்கியதும் அப்போதுதான். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார். எனக்கு நா எழவில்லை. "நான் உன் தகப்பனின் தங்கையா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு அதையே பழகிக்கொண்டார்.

கிழமைக்கு ஒரு நாடகம்

வட இங்கிலாந்தில் கடலோரத்துச் சின்ன நகரம் ஒன்றில் பிறந்தவர். தாயார் வாடகைக்கு அறைகள் விட்டு வந்தார். ஊர் ஊராகப் போகிற நாடகக்காரர் அங்கேதான் தங்குவார்கள். காலையில் பொரித்த மீன் வாசனைக்கு இறங்கி வந்த அரசனையும் கொலைகாரனையும் பார்த்து வளர்ந்தவர், பள்ளிக்கூடம் முடிந்ததும் உள்ளூர் நாடகக் கம்பனியில் தேத்தண்ணி போடச் சேர்ந்தார். ஒரு நடிகைக்குக் காய்ச்சல் வந்தது. பெரில் அன்ரி மேடைக்கு வந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் தேத்தண்ணி போடச் சொல்லவில்லை.

அந்தக் கம்பனியில் கிழமைக்கு ஒரு நாடகம். இரவில் ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததைப் பாடம் பண்ண வேண்டும். "பாடம் பண்ணுவது பெரிய காரியம் இல்லை" என்பார். "சனிக்கிழமை இரவோடு பழையதை மறப்பதுதான் பெரிய காரியம். மறக்காவிட்டால் திங்கட்கிழமை விதவையாக வந்து போன கிழமைக் கல்யாணப் பெண்ணின் வசனத்தைச் சொல்லிவிடுவாய்."

மறப்பதையே ஒரு தொழிலாகப் பழகியவர். பின்னாளில் இதை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

பிறகு லண்டன். பெரிய மேடை, நல்ல பெயர். பிறகு படங்கள். "படத்தில் நான் சாவதற்கென்றே பிறந்தவள்" என்று சொல்வார். கதை சூடு பிடிக்க முதல் யாராவது இவரைத் தள்ளிவிடுவார்களாம், அல்லது நஞ்சு வைப்பார்களாம்.

ஒரு படத்தில் மட்டும் சாகவில்லை. அபி இணையத்தில் அதைத் தேடிப் பிடித்தாள். அதில் அவர் கலங்கரை வெளிச்சவீட்டுக் காவலாளியின் மனைவி. கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. சேதி சொல்ல வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அவர் மேசையருகே இருந்தபடி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார். அவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிக் கிழங்கு வரைக்கும் உரித்து முடித்து, கையைத் துடைத்துவிட்டுத்தான், "சொல்லுங்கள்" என்கிறார். அவ்வளவுதான். அபியும் நானும் சோபாவில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். ஊரில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சாவுச் சேதியோடு வாசலில் வந்து நின்றவர்கள் உண்டு. என் அம்மாவும் உடனே நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரொறன்ரோவுக்கு வந்தது ஒரு நாடகப் பயணத்தில். இங்கே மேடை விளக்குகளைப் பார்த்துக்கொண்ட வோல்டர் என்பவரில் மனம் போய்விட்டது. லண்டனில் எல்லோரும் பைத்தியம் என்றார்கள். "என் முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் விழ வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வேறு என்ன வேண்டும்?" என்பது அன்ரியின் கேள்வி. வோல்டர் கண்மூடிய பிறகும் பார்க்டேலின் அதே அடுக்குமாடியில், அதே வீட்டில் இருந்தார். நாங்கள் மல்வேர்னுக்கு மாறிப் போனோம். தொடர்பு விட்டுப்போகவில்லை.

நின்றுகொண்டே தெரிய வேண்டும்

ஒரு கோடைக்காலத்தில் நகரத்து மேடை ஒன்றில் நடித்துக்கொண்டிருந்தபோது, பெரில் அன்ரிக்கு வசனம் மறந்தது. ஒரு வரி இரண்டு வரி இல்லை, முழுப் பந்தியும். நின்றார். சபை காத்திருந்தது. கடைசியில் யாரோ ஓரத்திலிருந்து உரக்க எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களின் மேடையில் அது பெரிய அவமானம். அடுத்த கிழமை அந்தப் பாத்திரத்தை வேறொருவர் நடித்தார். அன்ரிக்குப் பூங்கொத்தும் அன்பான வார்த்தைகளும் வந்தன. அதோடு எல்லோரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பாலன் அண்ணை தன் புது நாடகத்தோடு வந்தார். அகதி வழக்கு விசாரணை பற்றிய கதை. ஒரு மேசை. இந்தப் பக்கம் நீதிபதி. அந்தப் பக்கம் கேஸ் சொல்ல வந்த மனிதன். நடுவில் மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் நான். அகதி நிமலன், பகலில் வீடு விற்பவர், மேடையில் இடிமுழக்கம். நீதிபதிக்குத்தான் ஆள் இல்லை.

"ஒரு வெள்ளைக்கார மனிசி வேணும். இல்லாட்டி உமக்கு ஒரு பொன்நிற விக் போட்டு இருத்திவிடுவம்" என்றார் பாலன் அண்ணை.

அந்த விக்குக்குப் பயந்தே பெரில் அன்ரியிடம் போனேன்.

அவர் முதலில் பிரதியை வாங்கி நீதிபதியின் வசனங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "போன தரம் என்னைக் கதிரையில் இருத்தி, தோளைத் தட்டி, முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். என்னால் இன்னும் முடியுமா, முடியாதா என்று நானே தெரிந்துகொள்ள வேண்டும். மேடையில் நின்றுகொண்டு தெரிய வேண்டும். வருகிறேன். ஒரு நிபந்தனை: எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது."

எங்கள் குழுவில் இதைவிடக் கடினமான நிபந்தனை இருக்க முடியாது. வசனம் எடுத்துக் கொடுப்பதென்பது எங்கள் நாடகங்களில் ஒரு பாத்திரம் மாதிரி. திரைக்குப் பின்னால் பாலன் அண்ணை பிரதியோடு நிற்பார். அவருடைய குரல் நடிகரின் காதுக்கும் மூன்றாம் வரிசைக்கும் ஒரே நேரத்தில் போகும். சபையும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

"அன்ரி மறந்தாலும் வாய் திறக்கமாட்டன். அம்மாவாணை" என்று சத்தியம் செய்தார் பாலன் அண்ணை.

"உனக்குத்தான் ஆசை வரும்" என்று அன்ரி என்னிடம் தனியாகச் சொன்னார். "பக்கத்தில் இருப்பாய். என் வரிகள் எல்லாம் உனக்குத் தெரியும். சொல்லாதே. வந்தால் வரட்டும்."

ஒத்திகை

ஆறு மணி ஒத்திகைக்கு எங்கள் ஆட்கள் ஏழரைக்கு வருவார்கள். கையில் தேத்தண்ணிக்குக் கடிக்க ரோல்சும் பற்றிசும் இருக்கும். அன்ரி ஐந்தரைக்கே வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று வாயசைத்துக்கொண்டிருப்பார். மூன்றாம் தரம் அப்படி நின்றபோது நிமலனுக்கு வெட்கம் வந்து நேரத்துக்கு வரத் தொடங்கினார். மல்வேர்னில் அது ஒரு புதுமை.

நாடகம் நடக்கிற விதம் இதுதான். அன்ரி ஆங்கிலத்தில் கேட்பார். நான் தமிழில் திருப்பிச் சொல்லுவேன். நிமலன் பதில் சொல்லுவார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லுவேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் இதேதான். நான் தமிழ் பேசும்போது அன்ரி தலையைக் கொஞ்சம் சரித்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீதிபதிகள் அப்படித்தான் பார்ப்பார்கள். எனக்குத் தெரியும், எனக்கும் அகதி வழக்கில் ஹியரிங் நடந்தது.

கடைசிக் கேள்விதான் நாடகத்தின் உயிர். நீதிபதி வழக்குக் கோப்பை மூடி, கண்ணாடியைக் கழற்றி, "நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன். முடிவு எடுக்க முதல், இன்னும் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். நான் அதைச் சுருக்கி, "வேற ஏதும் சொல்ல இருக்கோ?" என்பேன். அதற்குப் பிறகுதான் நிமலனின் நீண்ட பேச்சு. அந்தக் கேள்வி வராவிட்டால் பேச்சு இல்லை, பேச்சு இல்லாவிட்டால் நாடகம் இல்லை.

முடிந்ததும் பாலன் அண்ணை கையைத் தட்டி, "முடிஞ்சுது! தேத்தண்ணி!" என்பார். அன்ரியும் சின்னப்பிள்ளைபோல "முடிஞ்சுது!" என்பார்.

ஒத்திகையில் சில நாள் வசனம் பிசகும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார், வந்துவிடும். ஒருநாள் வரவேயில்லை. அன்று பாலன் அண்ணை அரைவழியிலேயே தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுவிட்டார்.

பொன்னாடை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மண்டபம் நிறைந்துவிட்டது. பக்கத்து நகரமான அஜக்சில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். விளக்கு ஏற்றி, போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம் செய்து நாடகம் தொடங்கியது. அன்ரி கறுப்பு உடையில், என் கடையில் நானே தெரிவுசெய்து கொடுத்த கண்ணாடியோடு இருந்தார். ஒரு வசனம் பிசகவில்லை. அந்த மேசைக்குப் பின்னால் பெரில் அன்ரி இல்லை, எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த நீதிபதிதான் இருந்தார். சபையில் யாரும் கதைக்கவில்லை. எங்கள் சபை கதைக்காமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

கடைசிக் காட்சிக்கு முன்னால் இடைவேளை. இடைவேளை என்றால் எங்களுக்குப் பிரமுகர் உரை. இது பாலன் அண்ணையின் கையில் இல்லை, மண்டபத்தைப் பிடித்துத் தந்த சங்கத்தின் கையில். ஒருவர் பேசினார். அவரைப் பாராட்டி இன்னொருவர் பேசினார். முக்கால் மணித்தியாலம் போனது. பிறகு ஒலிவாங்கியில், "இங்கிலாந்தின் மாபெரும் நடிகை அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம்" என்று கேட்டது. நான் தடுக்க ஓடுவதற்குள் இரண்டு பேர் வந்து, நீதிபதி உடையில் இருந்த அன்ரியைக் கையைப் பிடித்து மேடைக்கு நடத்திப் போய்விட்டார்கள். சரிகைச் சால்வை தோளில் விழுந்தது. சபை முழுவதும் எழும்பி நின்று கைதட்டியது.

அவர் சிரித்தார், கும்பிட்டார். ஓரத்துக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"அவர்கள் கைதட்டி முடித்துவிட்டார்கள்" என்றார். "இனி எனக்கு என்ன இருக்கிறது?"

அந்தக் கேள்வி

திரை விலகியது. காட்சி நன்றாகத்தான் போனது. அன்ரி கேட்டார், சொன்னேன். நிமலன் சொன்னார், சொன்னேன். அன்ரி கோப்பை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

சபை அதை நடிப்பென்று நினைத்தது. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது. கண்களில் ஒன்றும் இருக்கவில்லை. திரையின் இடுக்கில் பாலன் அண்ணை பிரதியை வாயில் கடித்துக்கொண்டு நின்றார், சத்தியத்தைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த ஆங்கில வசனம் முழுவதும் என் நாக்கின் நுனியில் நின்றது. காதோடு காதாகச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனால் அன்ரிக்குத் தெரியும். நான் மேசைக்குக் கீழே கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் வாயை மூடியிருந்ததில்லை.

அன்ரி மெல்லத் திரும்பி நிமலனின் முகத்தைப் பார்த்தார்.

"வேற ஏதும் சொல்ல இருக்கோ?" என்றார்.

தமிழில். என் ஊரான பருத்தித்துறையின் பேச்சு இழுவையோடு.

நான் மொழிபெயர்ப்பாளர். என்ன செய்கிறேன் என்று யோசிக்க முதல் வாய் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்தக் கேள்வியை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தலைகீழ்தான். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஒருகாலம் அப்படியான மேசைக்கு முன்னால் இருந்தவர்கள். அந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்பட்டது. எப்போதும் பக்கத்தில் இருந்த இன்னொருவரின் வாயால்தான் கேட்டது. அந்தக் கதிரையிலிருந்து, எங்கள் முகத்தைப் பார்த்து, எங்கள் மொழியில் யாரும் கேட்டதில்லை.

நடு வரிசைகளில் இருந்து வயதான ஓர் ஆணின் குரல் வந்தது.

"ஓம். இருக்கு."

நிமலன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அன்ரி நிமலனிடமிருந்து முகத்தை எடுத்து, இருட்டுக்குள் அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ" என்றார். அதுவும் என்னிடம் கேட்டுப் பழகியதுதான்.

அந்த மனிதர் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அன்ரி காத்திருந்தார். உருளைக்கிழங்கு உரித்த அந்தப் பெண்ணைப்போல, அவசரமே இல்லாமல் காத்திருந்தார். நானும் அழுதுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. பிறகு அன்ரி நிமலனைப் பார்த்துத் தலையை அசைத்தார். நிமலன் பேசத் தொடங்கினார். இடிமுழக்கம் இல்லை, கை வீச்சு இல்லை. மேசையில் இரண்டு கையையும் வைத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல மெல்லச் சொன்னார். அதைவிட நன்றாக அவர் அதற்கு முன்பும் நடிக்கவில்லை, பின்பும் நடிக்கவில்லை.

நாடகம் முடிந்த பிறகு ஒப்பனை அறையில் அன்ரி கண்ணாடிக்கு முன் இருந்து பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன்.

"என் வரி போய்விட்டது" என்றார் அவரே. "தேடினேன். அது இருந்த இடத்தில் உன்னுடையது கிடந்தது. எடுத்துக்கொண்டேன்."

"நல்லாய் இருந்தது அன்ரி."

"தெரியும்." பஞ்சை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இனி மேடை ஏறமாட்டேன். கவலைப்படாதே. தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். நின்றுகொண்டே தெரிந்துகொண்டேன்."

பாலன் அண்ணை சிவந்த கண்களோடு வாசலில் வந்து நின்றார். ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார். அன்ரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"பாலன், அந்தப் பூ எங்கே?"

நடைபாதைக்கு ஓடினார். தட்டத்தோடு வந்தார். மல்லிகை ஓரத்தில் பழுப்பேறியிருந்தது, வாசனை மட்டும் அப்படியே இருந்தது. மயிலிறகுகளை அவசரமாக எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

பெரில் அன்ரி எழும்பி நின்று, பாலன் அண்ணை மாலை போட எட்டும்படி தலையைத் தாழ்த்தினார்.

"முடிஞ்சுது" என்றார்.